செய்வினை என்றார்கள், மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்: ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அதற்கு முன்பு எங்கள் பூட்டனார் சுடலைமாடன் கோயிலில் சாமியாடியாக இருந்தவர். சென்ற ஆண்டு பங்கு பிரித்ததில் ஓரகத்தி குடும்பத்தோடு பேச்சு நின்றுபோனது. அதன்பின் கணவரின் கடையில் வியாபாரம் இல்லை, இளையவனுக்கு அடிக்கடி காய்ச்சல், எனக்குத் தூக்கம் போயிற்று. மனச்சோர்வு என்று அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையால் நான்கு மாதம் ஓரளவு தேறியிருந்தேன். போன மாதம் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. வீடு வீடாக வந்து ஜெபிக்கும் சகோதரர் ஒருவர், இது குடும்பத்துப் பெண் ஒருத்தி வைத்த செய்வினை என்றும், முன்னோர் சாபம் அதற்கு வாசலைத் திறந்துவிட்டது என்றும் சொல்லி, மாத்திரையை நிறுத்திவிட்டு 21 நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். நிறுத்தியது முதல் நடுராத்திரியில் யாரோ நெஞ்சின்மேல் ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது. இயேசுவே என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. பகலில் தலை சுற்றுகிறது. ஜெபிக்க முடியவில்லை. சில நேரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. உபவாசத்தால் ஆவி கலங்குகிறது என்கிறார் அந்தச் சகோதரர். வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாமா? என்னைப் பிடித்திருப்பது என்ன?
(ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு வாழ்த்துகள்.

கடிதத்தின் கடைசியில் பாதி வரியாக எழுதியிருக்கிறீர்களே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றுவதாக, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழமும் சாபமும் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. அந்த எண்ணத்தை இன்று இரவே உங்கள் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; இரவில் தனியாகப் படுக்காதீர்கள்; எண்ணம் வலுத்தால், எந்த நேரமானாலும், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அல்லது நேராக மாவட்ட மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்படித் தோன்றுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

அடுத்தது மாத்திரை. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கலைவு, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை சில நாட்களுக்குள் வரும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. இவற்றில் பெரும்பாலானவை கனவு காணும் உறக்கத்தை மட்டுப்படுத்தி வைப்பவை. ஆகவே, மருந்து நின்றதும் அந்த உறக்கம் வெள்ளம்போல் திரும்பி வந்து, கெட்ட கனவுகளாகவும் நள்ளிரவுத் திகிலாகவும் வெளிப்படுகிறது. அந்தச் சகோதரர் ஆவி கலங்குகிறது என்று சொன்ன நாட்களும், மருந்து உடம்பைவிட்டு இறங்கிய நாட்களும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். பழைய அளவை நீங்களாகவே மறுபடியும் தொடங்காமல், நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லி, அந்த மருத்துவரிடமே போய்க் கேளுங்கள். அவர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். மருந்தை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நெஞ்சை அமுக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்று சொன்ன அதே அனுபவத்தைத்தான் நீங்கள் வரிக்கு வரி எழுதியிருக்கிறீர்கள். கனவு காணும்போது நாம் கையையும் காலையும் வீசிவிடாமலிருக்க மூளை உடம்பின் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து வைக்கிறது. சில வேளைகளில், குறிப்பாகத் தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும், அந்தப் பிடி தளர்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், உடம்பு அசையாது, மூச்சு முழுதாக இழுக்க வராததால் மார்பின்மேல் பாரம் இருப்பதாகத் தோன்றும், பாதி விழித்த மூளை அந்தப் பாரத்துக்கு ஓர் உருவத்தையும் கொடுத்துவிடும். சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானே விலகும்.

ஆண்டவருடைய நாமத்தைச் சொல்ல வாய் வரவில்லையே என்பதுதான் உங்களை அதிகமாக நடுங்க வைத்திருக்கிறது என்று தெரிகிறது. நாவும் தசைதான், சகோதரி. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லவும் உங்களால் முடிந்திருக்காது. அடுத்த முறை வந்தால் எழுந்திருக்கப் போராடாதீர்கள். கால் பெருவிரல் ஒன்றை மட்டும் அசைக்க முயன்றுகொண்டு, மூச்சை மெதுவாக விடுங்கள், மனதுக்குள் ஜெபியுங்கள். ஒருக்களித்துப் படுக்கப் பழகுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் பிசாசு என்பதே இல்லையா, எல்லாமே நோய்தானா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. நமக்குப் பொல்லாத ஆவிகளின் சேனைகளோடு போராட்டம் உண்டு என்று எபேசியர் 6:12 சொல்வதை நான் எழுத்தின்படியே விசுவாசிக்கிறேன். ஆனால் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி எழுதும் மத்தேயு (4:24), பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் (பக்கவாத நோயாளிகள்) என்று தனித்தனியாகவே சொல்லியிருக்கிறார்; அந்தக் காலத்திலேயே ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளவில்லை. லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுல் குறிப்பிடுகிறார், வைத்தியத்தை விட்டுவிடச் சொன்னதாக எங்கும் இல்லை. உங்களைப் பிடித்திருப்பது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியவற்றில் மனச்சோர்வாலும் மருந்து நின்றதாலும் விளங்காத அடையாளம் ஒன்றையும் நான் காணவில்லை. அதே வேளையில், சோர்ந்திருக்கும் மனிதரைச் சோதனைக்காரன் சும்மா விடமாட்டான் என்பதையும் மறுக்கமாட்டேன். உடம்பு, மனம், ஆத்துமா என்று பங்கு பிரித்து, எது எங்கே தொடங்கியது என்று முடிவு கட்டிய பிறகுதான் ஜெபிக்க வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டையும் இன்றே செய்யலாம். மருத்துவமனையில் ஆற்றுப்படுத்தும் பணி செய்கிறவன் என்ற முறையில், தலையணைக்கு அடியில் வேதாகமமும், அதில் 91-ஆம் சங்கீதத்தில் அடையாளமாகச் செருகப்பட்ட மாத்திரை அட்டையும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவை இரண்டும் சண்டையிட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமன்றிப் போகாது என்ற மாற்கு 9-ஆம் அதிகாரத்து வசனத்தைத்தான் அந்தச் சகோதரர் காட்டியிருப்பார். அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் அதைச் சொன்னது, துரத்த முடியாமல் திரும்பிவந்த சீஷர்களிடம். துன்பப்பட்ட பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லவில்லை, கண்ணீரோடு நின்ற தகப்பனுக்கும் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. உபவாசிக்க வேண்டியவர் உங்களுக்காக ஜெபிக்க வந்தவரே தவிர, இரவெல்லாம் தூங்காமல் பகலில் தலைசுற்றி விழும் நீங்கள் அல்ல. எலியாவிடம் வந்த தூதனும் முதலில் ஜெபத்துக்கு எழுப்பவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆகவே உபவாசத்தை இன்றோடு முடித்துவிட்டு வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். 21 நாள் முடியாமல் நிறுத்தினால் தீங்கு வரும் என்று அவர் பயமுறுத்தியிருந்தால், அந்தப் பயமுறுத்தலுக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது.

முன்னோர் சாபம் என்ற போதனை கடந்த சில பத்தாண்டுகளில் நம் ஜெபக்கூட்டங்களில் வேகமாகப் பரவியிருக்கிறது. என்றோ ஒரு தலைமுறையில் மதம் மாறி வராத குடும்பம் நம்மில் அரிது என்பதால், யாரிடம் சொன்னாலும் அது பொருந்தி வருவதுபோல் தோன்றுகிறது. உங்கள் பூட்டனார் சாமியாடியாக இருந்தார் என்பது உண்மையாக இருக்கட்டும். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மைச் சாபத்துக்கு நீங்கலாக மீட்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. இதில் ஒரு பகுதியை மட்டும் மீட்டுவிட்டு, மிச்சத்தைப் பேயோட்டும் விடுதலை ஊழியர்களுக்கு விட்டுவைத்தார் என்று எங்கும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் ஆயராயிருந்த சிரில், ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் மேற்குத் திசை நோக்கிக் கையை நீட்டிச் சாத்தானை நேருக்கு நேராக மறுதலித்து, பின்பு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கை செய்ததை விவரித்திருக்கிறார். பிசாசையும் அவனுடைய கிரியைகளையும் வெறுத்துவிடுகிறேன் என்று நம் ஞானஸ்நான ஆராதனையில் இன்றும் சொல்லப்படுவது அதன் தொடர்ச்சியே. உங்கள் குடும்பத்தில் முதலில் கிறிஸ்துவிடம் வந்தவர் அதைச் சொல்லியிருப்பார். உங்களுக்காகவும் அது சொல்லப்பட்டது. ஞானஸ்நான வாக்கை வளர்ந்தபின் ஏற்றுக்கொள்ளும் திடப்படுத்தல் ஆராதனையில் நீங்களே உங்கள் வாயால் உறுதி செய்திருப்பீர்கள். மூன்று தலைமுறைக்கு முன்பு அடைத்த கதவைத் திறந்திருக்கிறது என்று இன்னொருவர் வந்து சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

இனி எலுமிச்சம்பழம். அமாவாசையன்று கடைக்காரரும் வண்டிக்காரரும் திருஷ்டி கழித்த பழத்தை முச்சந்தியில் போடுவதும், அது ஒரு வண்டிச் சக்கரத்திலோ நாயின் வாயிலோ அகப்பட்டு வேறொரு வாசலில் கிடப்பதும் நம் ஊர்களில் அன்றாடம் நடப்பவை. வேண்டுமென்றே யாரோ வைத்ததாகவே இருந்தாலும், யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை என்று, இஸ்ரவேலைச் சபிக்க அழைக்கப்பட்ட பிலேயாமே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று (எண்ணாகமம் 23:23). காரணமில்லாமலிட்ட சாபம் அலைந்து திரியும் அடைக்கலான் குருவிபோலத் தங்காது என்று நீதிமொழிகளும் (26:2) சொல்கிறது. இனி அப்படி ஏதாவது கிடந்தால், குப்பை வாரும் முறத்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுப்பு வேலையைப் பாருங்கள். தனி ஜெபம்கூடத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது பழம் அல்ல, குடும்பத்துப் பெண் ஒருத்தி என்ற அந்தச் சொல்தான். பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பங்கு பிரித்து மனம் கசந்திருக்கும் வீட்டில் அதைக் கேட்ட உடனே எல்லோருடைய நினைவும் ஓரகத்தியின் வீட்டுக்குத்தான் போயிருக்கும். நீங்கள் அவர்மேல் குற்றம் சாட்டி ஒரு வரியும் எழுதவில்லை என்றாலும், பேச்சு நின்றதையும் பழம் கிடந்ததையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். கண்ணால் காணாத, சாட்சி இல்லாத ஒரு குற்றத்தை இன்னொரு பெண்மேல் சுமத்துவது பொய்ச்சாட்சி. அதைத் தரிசனம் என்று சொல்லிச் செய்தாலும் பொய்ச்சாட்சிதான். நம்முடைய சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்று வெளிப்படுத்தின விசேஷம் (12:10) சொல்வது யாரை என்பது உங்களுக்குத் தெரியும்.

பிசாசுக்கு இடம் கொடுப்பதைப் பற்றிப் பவுல் நேரடியாகப் பேசும் இடம் எபேசியர் 4:26, 27. அங்கே தாயத்தும் இல்லை, தகடும் இல்லை, பூட்டனாரும் இல்லை. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது, பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். கொரிந்து சபைக்கு மன்னிப்பைப் பற்றி எழுதும்போதும், சாத்தானாலே நாம் மோசம்போகாதபடிக்கு என்று அதே காரணத்தைத்தான் சொல்கிறார். உங்கள் வீட்டில் திறந்து கிடக்கும் வாசல் எது என்று என்னைக் கேட்டால், ஓராண்டாக நின்றுபோன அந்தப் பேச்சைத்தான் காட்டுவேன். இதனால் பங்கு விவகாரத்தில் உங்களுக்கு நேர்ந்த அநியாயத்தை விட்டுக்கொடுங்கள் என்று பொருள் அல்ல. நியாயம் கேட்க வேண்டுமானால் பெரியவர்களை வைத்தோ வக்கீலை வைத்தோ கேட்கலாம், அதுவேறு. செய்வினை வைத்தவள் என்ற எண்ணத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம் அப்படிப் பேசியிருந்தால் திருத்திச் சொல்லுங்கள். உடம்பு சற்றுத் தேறிய பிறகு, ஒரு நல்ல நாளிலோ கெட்ட நாளிலோ ஓரகத்தியின் வீட்டுப்படி ஏறி நலம் விசாரிக்க முடிந்தால் விசாரியுங்கள். அவர் முகங்கொடுத்துப் பேசாமலும் போகலாம்.

பிசாசுக்கு எதிர்த்து நிற்பது எப்படி என்ற கேள்வியும் உங்கள் கடிதத்துக்குள் மறைந்திருக்கிறது. யாக்கோபு 4:7 அதை இரண்டு பாதியாகச் சொல்கிறது: தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள். நம் கூட்டங்களில் இரண்டாம் பாதி மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கிறது. பிசாசை எதிர்க்க எபேசியர் 6-இல் சொல்லப்படும் சர்வாயுதவர்க்கமும் (முழுப் போர்க்கவசமும்) சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு, வசனம், ஜெபம் என்று ஞாயிறு தோறும் நாம் கேட்கும் சாதாரணக் காரியங்கள்தான். அது ஒரு தனி மனிதருக்கு அல்ல, சபைக்கு எழுதப்பட்ட கடிதம். ஆகவே இந்தப் போராட்டத்தை நீங்கள் தனியாக நடுராத்திரியில் நடத்த வேண்டியதில்லை. மார்ட்டின் லூத்தர் தம் வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட ஆவிக்குரிய நெருக்கத்தை அனுபவித்தவர். 1530-இல், இதேபோல் சோர்ந்திருந்த ஒரு வாலிபருக்குக் கடிதம் எழுதியபோது, தனிமையில் இருக்காதே, நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடு, சிரித்துப் பேசு என்ற விதமாகவே ஆலோசனை சொன்னார்.

ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். முடியாதபோது, ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26-இல் இருக்கிறது. நீங்கள் பெருமூச்சுவிட்டாலே போதும். படுக்கப் போகும்முன் உங்கள் கணவர் 4-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள். துக்கம் மிஞ்சும் நாட்களில் 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். அது கடைசி வரை இருட்டிலேயே இருந்து இருட்டிலேயே முடிகிறது, இருந்தும் வேதத்தில் இடம் பெற்றிருக்கிறது. உங்கள் சபை ஆயரையும் மூப்பர்களையும் அழைத்து, யாக்கோபு 5:14-இன்படி எண்ணெய் பூசி ஜெபிக்கக் கேளுங்கள். உங்களைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்கள் அமைதியாகச் செய்யும் பத்து நிமிட ஜெபம் அது. திருவிருந்துக்குத் தவறாமல் போங்கள். தகுதியில்லை என்று தோன்றுகிற நாளிலும் போங்கள்.

உங்களுக்காக ஜெபிக்க வருபவர் யாராக இருந்தாலும் எதைப் பார்த்து ஏற்றுக்கொள்வது என்பதற்குத் திருச்சபை கசப்பான அனுபவங்களிலிருந்து சில நெறிகளை வைத்திருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் கேன்டர்பரி பேராயர் டொனால்ட் கோகன் 1975-இல் சொன்னவை இன்றும் செல்லுபடியாகும்: பேயோட்டும் இந்த ஊழியம் மருத்துவத்தோடு இணைந்து நடக்க வேண்டும், வழிபாட்டின் சூழலில் நடக்க வேண்டும், விளம்பரம் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும், அந்தந்த மறைமாவட்ட ஆயரின் அதிகாரம் பெற்ற அனுபவசாலிகளே செய்ய வேண்டும், அதன்பின் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் பிரிவும் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் பேயோட்டும் சடங்கைத் தடை செய்கிறது. அனுமதி மட்டும் போதாது என்பதற்கு ஜெர்மனியின் கிளிங்கன்பெர்க் ஊர் சாட்சி. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த அன்னலீஸ் மிஷல் என்ற மாணவிக்கு, ஆயரின் அனுமதியோடு, 67 முறை அந்தச் சடங்கு நடத்தப்பட்டது. கடைசி மாதங்களில் மருத்துவர் இல்லை. 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், சுமார் 31 கிலோ எடையோடு, பட்டினியாலும் நீரிழப்பாலும் அவர் இறந்துபோனார். 1978-இல் பெற்றோரையும் இரண்டு குருமாரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்கள் யாரும் அந்தப் பெண்ணை வெறுத்தவர்கள் அல்ல. நம் நாட்டிலும், நோயாளியைச் சங்கிலியால் கட்டிவைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. ஜெபத்தின் பெயரால் கட்டுவதோ அடிப்பதோ நடந்தால் தயங்காமல் காவல் நிலையத்துக்குப் போகலாம்.

வீட்டை விற்பதைப் பற்றி: இப்போது வேண்டாம். மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவுகளை மாற்றக் கூடாது என்று, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சீடர்களுக்குக் கற்பித்தது இந்த நிலைமைக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. கடையில் வியாபாரம் குறைந்ததற்குத் தெருவில் புதிதாக ஏதாவது கடை வந்திருக்கிறதா, கடன் எவ்வளவு நிற்கிறது என்று உங்கள் கணவர் கணக்கு நோட்டை வைத்துப் பார்க்கட்டும். இளையவனை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரர் வந்தால் அவரோடு வாதாட வேண்டாம், உங்களுக்கு இப்போது அதற்குப் பெலன் இல்லை. உங்கள் கணவரே வாசலில் நின்று, உங்கள் அன்புக்கு நன்றி, எங்கள் ஆயர் எங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறார், மருத்துவரையும் பார்க்கிறோம், இனி வீட்டில் ஜெபக்கூட்டம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பட்டும். ஏற்கெனவே காணிக்கை என்று ஏதாவது கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்க வேண்டுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், நாளைக் காலையில் புறநோயாளிகள் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக மருத்துவமனைக்குப் போய்வாருங்கள்.